ஏழாம் நம்பரின் தோள்பட்டை

1. டைப் அடித்த காகிதம்

நான் உடற்கல்வி மாஸ்டராக இருந்த காலேஜில் ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தைய வாரம். நான் கிரவுண்டில் நின்று சுண்ணாம்புக் கோடு போட வைத்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினத்தின் மனைவி கனகா, ஈரம் காயாத கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கையில் மடித்த ஒரு காகிதம்.

"மாஸ்டர், இது நீங்க எழுதுனதா?"

வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷில் டைப் அடித்த நான்கு வரி. "ஏழாம் நம்பர். மூன்றாம் வாரம். தோள் வலி. இரண்டு நாள் ஓய்வு." அதற்குக் கீழே, "ஏழாம் நம்பர் என்பவர் முனிரத்தினம், டிம்பர்மேன்" என்று தனியாக ஒரு வரி.

முதல் நான்கும் என் ஆராய்ச்சி நோட்டில் நான் எழுதிய வார்த்தைகள். ஐந்தாவது வரியை யார் சேர்த்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முனிரத்தினம், கோலார் பக்கத்தில் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டில், அதாவது கிணறு போல இறங்கும் ஆழக் குழியில், ரிப்பேர் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டிம்பர்மேன். ஷாஃப்டுக்குள் சுவரைத் தாங்கும் மரங்களை மாற்றுவது அவர் வேலை. பத்து நாளைக்கு முன்னால், நின்றுகொண்டிருந்த பலகை முறிந்து, ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் கீழே இருந்த மரத்தட்டில் விழுந்தார். வலது தோள் உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"பலகை முறிஞ்சுதான் வுழுந்தாரு. எல்லாரும் பாத்தாங்க" என்றார் கனகா. "இப்போ மேனேஜர் இன்னா சொல்றாரு தெரியுமா? தோளு மொதல்லயே கெட்டுப்போச்சாம். அத்த மறைச்சி வேலைக்கி வந்தாராம். புடி வுட்டு வுழுந்தாராம். கம்பெனிக்குப் பொறுப்பு இல்லியாம். ஆளையே நிறுத்திட்டாங்க. கோலார் கவர்மென்ட் ஆபீஸ்ல மனு குடுத்துகீறோம். இன்னா ஆதாரம்னு கேட்டா இத்தக் காட்டறாங்க. உங்க மாஸ்டரே எழுதி வெச்சிகீறாருன்னு சிரிக்கறாங்க."

"நோட்டு என்கிட்ட இல்லம்மா. யூனிவர்சிட்டில இருக்கு."

"அப்போ அது காலு முளைச்சி நடந்து வந்துச்சா?"

கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். கனகா காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

உடற்கல்வித் துறைக்கு வரும் பிள்ளைகள் இன்று ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று பறக்கிறார்கள். ஃபார்ம் அடித்து எடுத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் இதைச் சாந்தமாக எழுத எனக்கு வரவில்லை. அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

2. விழக் கற்றுக்கொண்டது

அறுபதுகளின் கடைசியில் நான் ஸ்டடி லீவில் ஒரு யூனிவர்சிட்டிக்குப் படிக்கப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவன். மேல்படிப்புக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும்.

அந்த வருஷம்தான் டிபார்ட்மென்டுக்கு ஒகாவா என்று ஒரு ஜப்பான்காரர் ஜூடோ சொல்லித்தர வந்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மட்டும். ஒல்லியான ஆள். இங்கிலீஷ் கொஞ்சமாகத்தான் வரும். எதிரியைத் தூக்கி எறிவது எப்படி என்று கற்றுக்கொள்ளும் ஆசையில் நாங்கள் இருபது பேர் போய் நின்றோம். முதல் ஆறு வாரம் அவர் எறியவே சொல்லித்தரவில்லை. விழ மட்டும் சொல்லித்தந்தார்.

பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, முன்னால் உருண்டு விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. கையை ஊன்றக் கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போகும். உடம்பு தரையைத் தொடுகிற அதே நொடியில் உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். மூன்றாவது வாரம் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. ஷாஃப்டிலும் ஏணியிலும் விழுந்த மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் அப்பா முப்பது வருஷம் கேஜில், அதாவது சுரங்கத்து இரும்புக் கூண்டில், இறங்கி ஏறியவர். எங்கள் ஊரில் இதை ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதையே ஆய்வாக எடுக்கிறேன் என்று புரொபசரிடம் போய்ச் சொன்னேன். அவர்தான் துறைத் தலைவர், எனக்கு கைடும் அவர்தான். பெயர் எழுதப் போவதில்லை, அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலில் முகத்தைச் சுளித்தார்.

"ஜூடோவா? அது சினிமாக்காரன் சமாச்சாரம் மிஸ்டர் தேவசகாயம். ஹாக்கியில ஏதாவது பண்ணுங்க."

"சார், கடினமான உடலுழைப்புப் பண்றவங்களுக்கு இந்த விழற முறையைக் கத்துக்கொடுத்தா அடி குறையுமான்னு பார்க்கலாம். எங்க ஊர்ல டிம்பர்மேன், டிராலி தள்றவங்க எல்லாம் இருக்காங்க. நான் கூப்பிட்டா வருவாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மைனர்ஸ் அண்ட் ஜூடோ" என்றார். "இதை வெளிநாட்டு ஜர்னல்ல போடலாம்."

அந்த நிமிஷமே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்கோ, ஒத்துக்கொண்டாரே என்று சந்தோஷம். ஆட்கள் அந்த கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்பதால் கம்பெனியின் அனுமதி வேண்டியிருந்தது. அதைப் புரொபசரே எழுதி வாங்கிக்கொடுத்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

3. பன்னிரண்டு பேர்

லீவு முடிந்து காலேஜுக்குத் திரும்பினேன். எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் எங்கள் சபையின் பழைய ஹால் ஒன்று சும்மா கிடந்தது. பாஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். ஜப்பான் பாய்க்கு எங்கே போவது? கோணிப்பைகளில் மரத்தூளை அடைத்துத் தைத்து நெருக்கமாக அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். பதினாறு வாரம் அதில்தான் விழுந்தோம். வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்து.

முதல் நாள் பன்னிரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். நான் சொல்லி முடித்ததும் முனிரத்தினம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா மாஸ்டர், வுழறதுக்குக் கிளாஸா? அத்த நாங்க யாரும் சொல்லித்தராமயே தெனம் பண்ணிகினு கீறோமே!"

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் வகுப்பு ஆரம்பித்தது. முனிரத்தினம் கட்டையான, அகலமான ஆள். எதையும் ஒரு தடவை பார்த்தால் செய்துவிடுவார். செய்துவிட்டு மற்றவர்களைக் கேலி பண்ணுவார்.

எல்லாரும் சிரித்த பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்டார், "மாஸ்டர், நோட்டுல எங்களப் பத்தி எழுதுவீங்களா? கம்பெனிக்குப் போவுமா? இவனுக்கு மூட்டு வலி, இவனுக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா ஆள மாத்திடுவாங்க."

"பேரே எழுதமாட்டேன்" என்று சொன்னேன். "நம்பர் மட்டும்தான். யாருக்கும் போகாது. என் வாக்கு."

வாக்கு கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் எந்த நம்பர் யார் என்ற பட்டியலை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மறந்துவிடக் கூடாதாம். பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட முட்டாள் நான்.

மூன்றாவது வாரம், இடது பக்கம் உருளும்போது முனிரத்தினம் வேடிக்கை காட்டப் போய்த் தோள் முனையில் விழுந்தார். இடது தோள். இரண்டு நாள் வலித்தது. அடுத்த வகுப்புக்கு வந்துவிட்டார். நான் எழுதினேன்: தோள் வலி, இரண்டு நாள் ஓய்வு. இடது என்று எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும் என்ற நினைப்பு.

பதினாறாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிப் பரீட்சை. அதை நடத்த ஒகாவாவே எங்கள் ஊருக்கு வந்தார். ஒவ்வொருவரும் வலது பக்கம் பத்து, இடது பக்கம் பத்து உருள வேண்டும். ஒகாவா என் நோட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் உரிய பக்கத்தில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முனிரத்தினம் இருபதையும் முடித்துவிட்டு எழுந்து அவருக்கு வணக்கம் வைத்தார். ஒகாவா அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த வாரமே ஒகாவாவின் ஒப்பந்தம் முடிந்து அவர் ஜப்பான் திரும்ப வேண்டியிருந்தது. போகிற வழியில் புரொபசரிடம் கொடுத்துவிடுங்கள் என்று நோட்டை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் பலகை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது முனிரத்தினம் கட்டோடு படுத்துக்கொண்டு சொன்னார், "மாஸ்டர், வுழும்போது தோளு ஒரு மரத்துல அடிச்சிக்கிச்சி. அதோட தட்டுல போயி வுழுந்தேன். தாடைய நெஞ்சுல ஒட்டிக்கினேன். நெனச்சிப் பண்ணல, தானா வந்துச்சி. மண்ட தப்பிச்சுது."

என் ஆய்வுக்கு வேண்டிய பதில் அதுதான். பன்னிரண்டு பேரை விழவைத்து நான் கேட்ட கேள்விக்கு ஒரு மனிதர் உடைந்த தோளோடு படுத்துக்கொண்டு பதில் சொன்னார். அப்போதுகூட அதை நோட்டில் எழுத வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4. "டிபார்ட்மென்ட் சொத்து"

கனகா வந்துவிட்டுப் போன மறுநாளே ரயில் ஏறினேன். புரொபசர் அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைமேல் ஒரு கட்டடத்தின் வரைபடம் விரித்திருந்தது. அலமாரியில் என் நோட்டு, காலிகோ அட்டை, தூரத்திலிருந்தே தெரிந்தது.

"உட்காருங்க தேவசகாயம். விஷயம் கேள்விப்பட்டேன். பாவம்."

"என் நோட்டுலேர்ந்து ஒரு பக்கத்தை கம்பெனிக்குக் கொடுத்தது யார் சார்?"

"நான்தான். கேட்டாங்க, கொடுத்தேன்."

குரலில் ஒரு தயக்கமும் இல்லை. நான் பொய்யை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் பொய்கூடச் சொல்லவில்லை, அந்த அளவுக்குக்கூட என்னையோ முனிரத்தினத்தையோ மதிக்கவில்லை.

"பேர் வெளியே போகாதுன்னு அவங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"நீங்க கொடுத்தீங்க. டிபார்ட்மென்ட் கொடுக்கலை. அவங்க பர்மிஷன் தராம உங்களுக்கு இந்த ஸ்டடியே கிடையாது, ஞாபகம் வெச்சுக்குங்க. நீங்க எழுதினது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்" இன்னும் என் காதில் இருக்கிறது.

"அவரைப் பத்திப் பதினாறு வாரத்துக்கும் எழுதியிருக்கேன் சார். கடைசி வாரம் வலது தோள்ல பத்துத் தடவை உருண்டிருக்கார். அதை ஏன் கொடுக்கலை?"

"அவங்க கேட்டது பழைய காயம் ஏதாவது இருக்கான்னு. இருந்ததைக் கொடுத்தேன்."

நான் மேஜைமேல் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஜூடோ ஹால் என்று தலைப்பு, தரைக்கு மரப்பலகை என்று ஓரத்தில் குறிப்பு.

"இதுக்கு மரத்தரை போட யார் சார் மரம் கொடுக்கறாங்க?"

அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கம்பெனிதான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அது வேற விஷயம். இந்த யூனிவர்சிட்டியில ஒரு ஜப்பானியக் கலையை முறையா படிக்க ஒரு இடம் வரணும்னு நான் எத்தனை வருஷமா அலையறேன் தெரியுமா? நூறு பசங்க படிக்கப் போறாங்க. ஒரு டிம்பர்மேனுக்காக அதைக் கெடுப்பீங்களா?"

"அந்த டிம்பர்மேன் இல்லாட்டி உங்களுக்கு ஆராய்ச்சியே இல்ல சார்!"

கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. வெளியே டைப் சத்தம் நின்றது.

"என்கொயரிக்குச் சாட்சி சொல்லப் போறதா இருந்தா" என்று அவர் நிதானமாகச் சொன்னார், "உங்க கட்டுரையில என் கையெழுத்தை எதிர்பார்க்காதீங்க. நோட்டு டிபார்ட்மென்ட் சொத்து. தொடாதீங்க."

எழுந்து போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் மணியை அடித்து அட்டெண்டரைக் கூப்பிட்டார். "இவரை வெளியே விடாதே!" அட்டெண்டர் வாசலை அடைத்து நின்றார். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

5. கோலாரில் சிமென்ட் தரை

விசாரணை கோலாரில், ஒரு சின்ன அரசாங்க அறையில் நடந்தது. அதிகாரி இளவயசுக்காரர், கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். கம்பெனிப் பக்கம் மேனேஜரும் வெளியூர் வக்கீல் ஒருவரும். எங்கள் பக்கம் கட்டோடு முனிரத்தினம், கனகா, நான். கம்பெனி கூட்டி வந்த சாட்சிகளாக இரண்டு டிம்பர்மேன்கள் பின்னால் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே என் வகுப்பில் விழக் கற்றவர்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வக்கீல் என்னிடம் கேட்டார், "மூன்றாவது வாரம் தோள் வலி என்று எழுதியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"எந்தத் தோள்?"

"இடது."

"எங்கே எழுதியிருக்கிறது?"

நோட்டு அதிகாரியின் மேஜைமேல் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்குமே எழுதியிருக்கவில்லை.

"அப்படியென்றால் இன்றைக்கு வசதியாக ஞாபகம் வந்துவிட்டது" என்றார் வக்கீல். மேனேஜர் சிரித்தார்.

புரொபசர்மேல் இருந்த கோபம், மேனேஜர்மேல் இருந்த கோபம் எல்லாம் ஒரு பக்கம் நிற்க, என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை. பேனாவில் மை இருந்தது, காகிதத்தில் இடம் இருந்தது. கனகா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"ஐயா, பதினாறாம் வாரத்துப் பக்கத்தைப் பாருங்க" என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். "விபத்துக்கு முதல் நாள். வலது பக்கம் பத்துத் தடவை, இடது பக்கம் பத்துத் தடவை. ஜப்பான்காரரின் கையெழுத்து இருக்கு."

அவர் படித்தார். "வலது பக்கம் உருளுவதுன்னா என்ன? அதுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?"

சொல்ல ஆரம்பித்தேன். வலது கையை முன்னால் வளைத்து வைத்து உருண்டால் உடம்பின் பாரம் முழுக்க வலது கை வழியாக வலது தோளில் இறங்கி, முதுகில் குறுக்காக இடது இடுப்புக்குப் போகும் என்றேன். இடது கை தரையை அறையும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வார்த்தையில் அது யாருக்கும் புரியாது.

"ஒந்து சல தோர்சி" என்றார். ஒரு தடவை செய்துகாட்டுங்கள் என்று அர்த்தம்.

"இது என்கொயரியா, சர்க்கஸா?" என்று வக்கீல் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. இது என் ஆபீஸ்."

செருப்பைக் கழற்றினேன். நாற்காலிகளை நகர்த்தினேன். வெறும் சிமென்ட் தரை. மரத்தூள் மூட்டையில் விழுந்து பழகிய உடம்பு. பேண்ட், சட்டையோடு இரண்டு அடி எடுத்து வைத்து வலது தோளில் உருண்டேன். இடது உள்ளங்கை தரையில் அறைந்த சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். வலது முழங்கையில் சட்டை கிழிந்து ரத்தம்.

"இன்னொந்து சல."

இன்னொரு தடவை உருண்டேன். எழுந்து நின்றபோது மூச்சு வாங்கியது.

அதிகாரி கேட்டார், "கெட்டுப்போன தோளோட ஒருத்தன் இதைப் பத்துத் தடவை பண்ண முடியுமா?"

"ஒரு தடவைகூட முடியாது ஐயா. மறைச்சு வெக்கிற வலி இல்ல இது. கத்திடுவான்."

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். கம்பெனியின் சாட்சி.

"சார், அன்னிக்கி நானும் அந்த ஹால்ல பண்ணேன். முனிரத்தினம் பண்ணத நான் கண்ணால பாத்தேன். அதுவும் இல்லாம…" மேனேஜர் திரும்பி அவரை முறைத்தார். அவர் நிறுத்தவில்லை. "அந்தப் பலகை உளுத்துப்போச்சின்னு மேஸ்திரிகிட்ட நாங்க ரெண்டு வாட்டி சொன்னோம். மாத்தல."

"பலகை எங்கே?" என்று அதிகாரி மேனேஜரைக் கேட்டார்.

"அப்பவே எடுத்துப் போட்டுட்டோம் சார். அடுப்புக்குப் போயிருக்கும்."

அதிகாரி அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார்.

முடிவு வருவதற்குச் சில வாரம் ஆயிற்று. வேலையில் ஏற்பட்ட விபத்துதான் என்று எழுதினார்கள். முனிரத்தினத்துக்கு மேலே, தரைமட்டத்தில் ஒரு வேலை கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்கள். மரக்கிடங்கு வாசலில் உட்கார்ந்து வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற வேலை. எழுந்து பேசிய டிம்பர்மேனை அடுத்த மாதமே வேலைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்காக எந்த விசாரணையும் நடக்கவில்லை. அவர் குடும்பத்தோடு திருப்பத்தூர்ப் பக்கம் போய்விட்டார். எனக்கு இது நல்லபடியாக முடிந்த கதை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் பொறுக்காது.

நான் முனிரத்தினம் வீட்டுக்குப் போனபோது கனகா சொன்னார், "ஜெயிச்சிட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரு கைய தோளுக்கு மேல தூக்க முடியல. சொக்கா போட்டுக்கக்கூட நான் வரணும். இன்னாத்த ஜெயிச்சோம் மாஸ்டர்?"

முனிரத்தினம் அவரை அதட்டினார். "வுடு கனகா. மாஸ்டர் சிமென்ட்டுல வுழுந்தாரு இல்ல?"

"வுழுந்தாரு. வலது இடது எழுதியிருந்தா வுழுந்திருக்க வேணாம்."

6. அச்சில் வந்தது

புரொபசர் சொன்னதைச் செய்தார். கையெழுத்துப் போடவில்லை. என் கட்டுரை மேலே போகவில்லை. நோட்டைத் திருடியதாக காலேஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, படித்துக் காட்டி, மடித்து டிராயரில் போட்டுக்கொண்டார். "கிளாஸுக்குப் போங்க" என்றார். நான் கடைசிவரை அந்தப் பட்டத்தை வாங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, யூனிவர்சிட்டியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஒரு வெளிநாட்டு ஜர்னலை அனுப்பிவைத்தார். புரொபசரின் கட்டுரை. சுரங்கப் பகுதித் தொழிலாளரும் ஜூடோவின் விழும் முறையும். நான் மாதாமாதம் அவருக்கு அனுப்பிய ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு எழுதியிருந்தார். என் வாக்கியங்கள் சில அப்படியே இருந்தன. அடியில் சிறிய எழுத்தில், தகவல் திரட்டியதில் உள்ளூர் உதவியாளர் ஒருவருக்கு நன்றி என்று ஒரு வரி. பெயர் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. உள்ளே ஒரு பத்தி இருந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் உயரத்திலிருந்து விழுந்தும் தலையில் காயமின்றித் தப்பினார், பயிற்சியின் பயனுக்கு இது சான்று என்று எழுதியிருந்தார். ஏழாம் நம்பர்! விசாரணையில் கெட்ட தோள்காரன், பொய்யன். ஜர்னலில் சான்று. ஒரே மனிதரை இரண்டு இடத்திலும் விற்றிருந்தார்.

ஜர்னலுக்குக் கடிதம் எழுதினேன். நீங்களும் உங்கள் யூனிவர்சிட்டியும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. யூனிவர்சிட்டிக்கு எழுதினேன். பதிலே வரவில்லை.

நான் வகுப்பை விடவில்லை. விழக் கற்றுக்கொண்டால் தலை தப்புகிறது, அது உண்மை. அந்த உண்மை புரொபசருக்குச் சொந்தமில்லை. ஆனால் ஸ்கெலட்டன் ஹாலுக்கு யாரும் வரமாட்டேன் என்றார்கள், நியாயம்தான். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்துப் பக்கம் வேறு ஓர் இடம் பிடித்துப் புதிதாக ஆரம்பித்தேன். முதல் வாரம் மூன்று பேர். முனிரத்தினம் நாலாவதாக வந்து நின்றார். இடது பக்கம் மட்டும் விழுவேன் என்றார். அவர் வந்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

இந்தத் தடவை நான் நோட்டுப் போடவில்லை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுத்தேன். என்ன கற்றார்கள், எங்கே வலித்தது, எந்தப் பக்கம் வலித்தது, எல்லாம் அவரவரே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் எழுத வேண்டும். வகுப்பு முடிந்ததும் நோட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும். எனக்கு ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் நான் போய்க் கேட்பேன். கொடுத்தால் பார்ப்பேன். சைக்கிளில் சுற்றி அலைய வேண்டியிருந்தது. அலைந்தேன்.

நான் கற்ற பாடம் இவ்வளவுதான். உழைக்கிறவன் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதினால், நாளைக்கு அவனுக்கு எதிராக அதைப் படிக்கப்போகிறவன் யார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். முழுசாக எழுதுங்கள். எழுதியதை அவன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் கைட் எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் சரி. கோபம் காலப்போக்கில் ஆறிவிடும் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் அதே டிபார்ட்மென்டிலிருந்து புது ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தார். நல்ல டெரிலின் சட்டை, தோல் பை. உங்களிடம் பல வருஷத்துத் தகவல் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், ஆய்வுக்கு வேண்டும், வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார்.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன். "பன்னிரண்டு வீட்டுல இருக்கு. அட்ரஸ் தரேன். வீடு வீடாப் போய்க் கேளுங்க. எதுக்கு வேணும்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

காலையில் போனவர் சாயங்காலம் வியர்த்துப்போய் திரும்பி வந்தார். ஒரு வீட்டில் நோட்டைக் காட்டியிருக்கிறார்கள், அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பத்து வீட்டில் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கனகா டீகூடக் கொடுக்கவில்லை.